எடிட்டரைத் தேர்ந்தெடுக்கும் முன் ‘கொல்லங்கோடு’ என்று தட்டச்சு செய்து பாருங்கள்

நாகர்கோவிலில் இருந்துகொண்டு பயனர் கையேடுகளும் பயிற்சி ஏடுகளும் எழுதிக் கொடுப்பது என் தொழில். எல்லாவற்றையும் மார்க்டவுனில் (வெறும் உரையின் நடுவே சில குறிகளை இட்டுத் தலைப்பு, தடித்த எழுத்து போன்றவற்றைச் சுட்டும் எளிய குறிமொழி) எழுதி, அச்சுக்கு ஒரு வடிவமும் இணையத்துக்கு ஒரு வடிவமும் பாண்டாக் என்னும் மாற்றுக் கருவியின் வழியாக எடுத்துக் கொடுக்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, “சார், எந்த எடிட்டரைப் போடட்டும்?” என்பதுதான். உரையை எழுதவும் திருத்தவும் உதவும் மென்பொருளைத்தான் எடிட்டர் என்கிறோம். கேட்கும்போதே கையில் ஒரு பட்டியலும் இருக்கும். நிறம், வேகம், விலை, எத்தனை நீட்சிகள் கிடைக்கும் என்பவை அதில் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். தமிழ் எழுத்தை உள்ளிட்டுப் பார்த்துத் தயாரித்த பட்டியலை இதுவரை ஒருவரும் கொண்டுவந்ததில்லை.

எளிய குறிமொழிகள் எதற்காக வந்தன என்பதை இங்கே ஒரு நிமிடம் எண்ணிப் பார்ப்பது நல்லது. ஆரன் ஸ்வார்ட்ஸின் துணையோடு ஜான் குரூபர் 2004-இல் மார்க்டவுனை வெளியிட்டபோது, எந்தக் கருவியும் இல்லாமல் வெறும் உரையாகத் திறந்தாலும் படிக்கக்கூடியதாகக் கோப்பு இருக்க வேண்டும் என்பதே அவருடைய நோக்கமாக இருந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் பிறந்த ஆஸ்கிடாக், ரீஸ்ட்ரக்சர்டுடெக்ஸ்ட் ஆகியவற்றின் நோக்கமும் ஏறக்குறைய அதுவே. கோப்பு வெறும் உரையாக இருப்பதால் எடிட்டர் போனாலும் எழுத்து போகாது. பலரும் விரும்பிப் பயன்படுத்திய ஆட்டம் எடிட்டரை கிட்ஹப் நிறுவனம் 2022 டிசம்பர் 15 அன்று நிறுத்தியபோது, அதில் எழுதியவர்கள் வேறொரு எடிட்டரைத் திறந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து வைத்தவர்களுக்கு இந்த வசதி வாய்க்கவில்லை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அவர்களுடைய தமிழ், பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக வந்து நிற்கும். ஆகவே, ஓர் எடிட்டரை எடை போடும்போது அது திரையில் எப்படித் தெரிகிறது என்பதைவிட, நம் கோப்புக்குள் அது என்ன செய்கிறது என்பதையே நான் முதலில் பார்க்கிறேன்.

அதற்காகச் சில வரிகள் மட்டுமே கொண்ட ஒரு சோதனைக் கோப்பை எப்போதும் கைவசம் வைத்திருக்கிறேன். அதன் முதல் சொல், நம் மாவட்டத்தின் மேற்கு எல்லையில் இருக்கும் கொல்லங்கோடு. காரணம், அதில் கொகரமும் கோகாரமும் இருக்கின்றன. ஒருங்குறியில் (யூனிகோடு) ‘கொ’வின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். ‘கோ’வுக்கும் இது பொருந்தும். முதல் முறையில் கொல்லங்கோடு என்னும் சொல் 11 குறியீடுகள். இரண்டாம் முறையில் 13. இரண்டும் நிகரானவை என்றுதான் ஒருங்குறித் தரம் சொல்கிறது. கண்ணுக்கும் இரண்டும் ஒன்றே. ஆனால் பல எடிட்டர்களின் தேடும் வசதிக்கு அவை வெவ்வேறு சொற்கள்.

இது வெறும் ஏட்டுக் கவலை என்று நினைத்துவிட வேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கையேட்டில் ஊர்ப்பெயர் ஒன்றின் எழுத்துக்கூட்டலை மாற்றும்படி கேட்டிருந்தார்கள். ‘அனைத்தையும் மாற்று’ என்று கொடுத்தேன். மாற்றிவிட்டதாக எடிட்டரும் எண்ணிக்கை காட்டியது. கோப்பு அச்சுக்குப் போனது. அச்சான படியைப் பார்த்தால் பாதி இடங்களில் பழைய பெயர் அப்படியே நின்றது. ஒரு பாதி என் விசைப்பலகையில் தட்டச்சானது. மறுபாதி வேறொருவர் கைப்பேசியிலிருந்து வெட்டி ஒட்டப்பட்டது. இரண்டு விசைப்பலகைகளும் ஓகாரத்தை இரண்டு விதமாக எழுதியிருந்தன. அன்று மறு அச்சுக்கான செலவு என் கையிலிருந்துதான் போனது. இப்போது வெளியிலிருந்து வரும் உரையை ஒரே வடிவத்துக்கு மாற்றிய பிறகே வேலையைத் தொடங்குகிறேன். அந்த மாற்றத்தை எடிட்டருக்குள்ளேயே, உள்வசதியாகவோ நீட்சியாகவோ, செய்ய முடிகிறதா என்பது என் முதல் கேள்வி. ‘பௌர்ணமி’யை ளகரம் போட்டு ‘பெளர்ணமி’ என்று அடித்திருப்பதை மட்டும் எந்த மாற்றமும் திருத்தித் தராது. அதைத் தேடிப் பிடித்துத்தான் திருத்த வேண்டும்.

சோதனைக் கோப்பின் இரண்டாம் வரி மட்டிப்பழம். கன்னியாகுமரி மட்டி வாழைப்பழத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததால், அந்தச் சொல்லைத் தடித்த எழுத்தில் போடச் சொல்லி வருகிற வேலைகளும் கூடியிருக்கின்றன. மார்க்டவுனில் தடித்த எழுத்துக்குச் சொல்லின் இருபுறமும் இரண்டிரண்டு உடுக்குறி (*) இட வேண்டும். மேற்கோள் குறியோடு அதை இப்படி எழுதுகிறோம் என்று வையுங்கள்:

**“மட்டி”**ப்பழம்

தடித்த எழுத்து வரும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்போம். ஆனால் மார்க்டவுனுக்குத் துல்லியமான விதிகளை வகுக்கும் காமன்மார்க் தரத்தின்படி இங்கே தடித்த எழுத்து வராது. நான்கு உடுக்குறிகளும் அப்படியே பக்கத்தில் தெரியும். முடிவு உடுக்குறிகளுக்கு முன்னால் நிறுத்தற்குறி இருந்தால், அவற்றுக்குப் பின்னால் இடைவெளியோ இன்னொரு நிறுத்தற்குறியோ வர வேண்டும், எழுத்து வந்தால் அவை முடிவாகக் கொள்ளப்படமாட்டா என்பது அந்த விதி. சொல்லுக்குச் சொல் இடைவெளி விடும் ஆங்கிலத்தில் இந்தச் சிக்கல் அரிதாகவே எழும். வேற்றுமை உருபும் ஒற்றெழுத்தும் சொல்லோடு ஒட்டிக்கொண்டே வருகிற தமிழிலோ பக்கத்துக்கு ஒரு முறையாவது எழுகிறது. தீர்வு எளிது: மேற்கோள் குறியை வெளியே வைத்து, “**மட்டி**”ப்பழம் என்று எழுதினால் சரியாக வரும். சாய்வெழுத்துக்கு உடுக்குறியின் இடத்தில் அடிக்கோட்டைப் பயன்படுத்துபவர்களுக்கு இன்னும் ஓர் எச்சரிக்கை: _மட்டி_ப்பழம் என்று எழுதினால், சொல்லின் நடுவில் வரும் அடிக்கோட்டை அந்தத் தரம் குறியாகவே ஏற்பதில்லை. வாட்ஸ்ஆப்பில் ஒற்றை உடுக்குறி தடித்த எழுத்தைத் தருகிறது, மார்க்டவுனில் அதே குறி சாய்வெழுத்தைத் தருகிறது என்பதையும் புதியவர்களுக்கு நான் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆகவே, எழுத எழுத முன்னோட்டத்தைப் பக்கத்திலேயே காட்டும் எடிட்டர் தமிழுக்குக் கட்டாயம் என்று கருதுகிறேன். அந்த முன்னோட்டம் எந்த விதிப்படி இயங்குகிறது என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். விஷுவல் ஸ்டுடியோ கோடு எடிட்டரின் முன்னோட்டம் காமன்மார்க்கைப் பின்பற்றுகிறது. பாண்டாக்கோ தன் சொந்த மார்க்டவுனில், ஒரு பத்தியை அடுத்துத் தலைப்போ பட்டியலோ வந்தால் நடுவில் வெற்று வரி விட வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. விடாவிட்டால், முன்னோட்டத்தில் அழகாகப் பட்டியலாக நின்றது, அச்சுக்கோப்பில் ஒரே பத்தியாகக் குழைந்துவிடும்.

மற்ற குறிமொழிகளில் இந்த ஒட்டுச் சிக்கலுக்குத் தனி வழிகள் உண்டு. ஆஸ்கிடாக்கில் உருபு ஒட்டும் சொல்லுக்கு இரட்டை உடுக்குறி போட வேண்டும். ரீஸ்ட்ரக்சர்டுடெக்ஸ்டில் குறிக்கும் உருபுக்கும் நடுவில் ஒரு பின்சாய்வும் ஓர் இடைவெளியும் இட வேண்டும். வெளியீட்டில் அந்த இரண்டும் மறைந்துவிடும். ரீஸ்ட்ரக்சர்டுடெக்ஸ்டில் எழுதுகிற தமிழர்களுக்கு இதைவிடப் பெரிய தொல்லை தலைப்பில் காத்திருக்கிறது. தலைப்பின் நீளத்துக்குக் குறையாமல் அதன் கீழே கோடு இழுக்க வேண்டும் என்பது அதன் விதி. கன்னியாகுமரி என்பது நம் கணக்கில் 7 எழுத்து. ஒருங்குறிக் கணக்கில் 12 குறியீடுகள். யூடிஎஃப்-8 என்னும் குறியாக்கத்தில் சேமித்த கோப்பில் 36 பைட்டுகள். கருவி உயிர்க்குறிகளையும் சேர்த்து எண்ணுவதால், 7 கோடுகள் போட்டால் நீளம் போதவில்லை என்று எச்சரிக்கும். நான் எண்ணிக்கொண்டிருப்பதில்லை, தாராளமாக நீட்டிவிடுகிறேன். கூடுதலாக இருந்தால் பிழையில்லை.

அட்டவணைகளை அப்படி நீட்டித் தப்பிக்க முடியாது. சட்டம் போட்ட அட்டவணையில் நெடுக்குக் கோடுகள் ஒரே நேராக நிற்க வேண்டும். நிரலாளர்களுக்கான எடிட்டர்கள் எல்லா எழுத்தும் ஒரே அகலம் என்று வைத்துக்கொண்டு நேர் பார்க்கின்றன. தமிழிலோ ‘ர’வும் ‘ணௌ’வும் ஒரே அகலத்தில் அடங்காது. எந்த எழுத்துருவைப் போட்டாலும் தமிழ் அட்டவணை திரையில் கோணலாகவே தெரியும். கண்ணுக்கு நேராக்கினால் கருவிக்குக் கோணலாகிவிடும். இதற்குப் பரிகாரம் தேடி நாளைக் கழிப்பதைவிட, நேராக நிற்க வேண்டிய கட்டாயமே இல்லாத மார்க்டவுனின் குத்துக்கோட்டு அட்டவணையைப் பயன்படுத்துவதே மேல். அதே காரணத்துக்காக, எடிட்டரின் ஒற்றையகல எழுத்துருவையும் நான் மாற்றிவிடுகிறேன். நிர்மலா அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ் போட்டுக்கொண்டால் கண் வலிக்காது. எல்லையோரத்துக் கையேடுகளில் தமிழுக்கு நடுவே மலையாள வரிகளும் வருவதுண்டு. அங்கே எடிட்டர் தானாகவே வேறு எழுத்துருவுக்குத் தாவுகிறதா, கட்டம் கட்டமாகக் காட்டுகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத இடைவெளிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மார்க்டவுனில் வரியின் கடைசியில் இரண்டு இடைவெளி விட்டால்தான் அடுத்த வரி தனி வரியாக நிற்கும். முகவரி எழுதும்போது இது தேவை. ஆனால் சேமிக்கும்போதே வரிக்கடைசி இடைவெளிகளைத் துடைத்துவிடும் அமைப்பு பல எடிட்டர்களில் உண்டு. நிரல் எழுதுபவர்களுக்கு அது தூய்மை, நமக்கோ வீட்டு எண்ணும் தெருவும் வடசேரியும் நாகர்கோவிலும் ஒரே வரியில் வந்து விழும் விபத்து. அந்த அமைப்பை அணைத்து வையுங்கள். அல்லது காமன்மார்க் ஏற்றுக்கொள்ளும் பின்சாய்வை வரிக்கடைசியில் போட்டுப் பழகுங்கள். அது கண்ணுக்குத் தெரியும் என்பதால் நான் பின்சாய்வையே விரும்புகிறேன். பள்ளியில் கட்டுரைப் பத்தியைச் சற்று உள்ளே தள்ளித் தொடங்கப் பழகிய கை, இங்கேயும் நான்கு இடைவெளி விட்டுத் தொடங்கும். மார்க்டவுன் அந்தப் பத்தியை நிரல் துண்டாக எடுத்துக்கொண்டு வேறு எழுத்துருவில் பெட்டிக்குள் வைத்துவிடும். மூத்த ஆசிரியர்கள் எழுதித் தரும் கோப்புகளில் இதைத் தவறாமல் பார்க்கிறேன். அவர்களுடைய பழக்கத்தைத் தவறென்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

தமிழ்99 விசைப்பலகையில் அடிப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. மார்க்டவுனில் இணைப்புக் கொடுக்கச் சதுர அடைப்புக்குறிகள் வேண்டும். அந்த இரண்டு விசைகளிலும் தமிழ்99-இல் சகரமும் ஞகரமும் உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வோர் இணைப்புக்கும் ஆங்கிலத்துக்குப் போய்த் திரும்ப வேண்டும் என்றால் எழுத்தின் ஓட்டம் அறுந்துபோகும். சொல்லைத் தேர்ந்தெடுத்து ஒரு குறுக்குவழியை அழுத்தினால் அடைப்புக்குறிகளைத் தானே போட்டுத் தரும் எடிட்டர் இங்கே பெரிய உதவி. டைப்போராவிலும் அப்சிடியனிலும் கண்ட்ரோலோடு கே விசை அந்த வேலையைச் செய்கிறது.

குறியாக்கத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும்: யூடிஎஃப்-8, வேறெதுவும் வேண்டாம். விண்டோஸின் நோட்பேடு 2019-இல் வந்த மேம்பாட்டிலிருந்து இயல்பாகவே அப்படிச் சேமிக்கிறது. ஆன்சி என்னும் பழைய குறியாக்கத்தைக் காட்டும் எடிட்டரில் சேமித்தால் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகிவிடும். பிறகு மீட்க வழியில்லை. தானாகச் சேமிக்கும் வசதியையும் இங்கே சேர்த்துச் சொல்கிறேன். 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் அடித்துப் பல நாட்கள் மின்சாரம் இல்லாமல் கிடந்த நாட்களில், மடிக்கணினியின் மின்கலம் எத்தனை நிமிடம் தாங்கும் என்பதே என் எழுத்து நேரமாக இருந்தது. அப்போது கனமான எடிட்டரை மூடிவிட்டு இலேசான ஒன்றில்தான் எழுதினேன். கோப்பு வெறும் உரை என்பதால் அந்த மாற்றத்துக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

பெயர் சொல்லிக் கேட்பவர்களுக்கு என் அனுபவத்தில் தோன்றுவது இது. கணினி முனையத்துக்குள் இயங்கும் விம் போன்றவை ஆங்கிலத்துக்கு அருமையானவை. ஆனால் முனையம் எழுத்துகளைக் கட்டம் கட்டமாக அடுக்குவதால் தமிழில் கர்சர் ஓரிடத்திலும் எழுத்து வேறிடத்திலும் நிற்கும். ஈமேக்ஸின் வரைகலைச் சாளரத்தில், 27-ஆம் பதிப்பு முதல் எழுத்து வடிவாக்கத்துக்கு ஹார்ஃப்பஸ் என்னும் நிரலகம் பயன்படுவதால், தமிழ் நன்றாகவே வருகிறது. கற்றுக்கொள்ளத்தான் பொறுமை வேண்டும். நோட்பேடு பிளஸ் பிளஸ் விண்டோஸுக்கு மட்டும். முன்னோட்டத்துக்கு நீட்சி தேவை. டைப்போரா 2021 முதல் கட்டண மென்பொருள். குறிகளை மறைத்து முடிந்த வடிவத்தையே காட்டுவதால் தொடக்கக்காரர்களுக்குப் பிடிக்கும், ஆனால் குறிகள் மறைந்திருப்பதாலேயே பிழையின் காரணம் சட்டென்று புலப்படாது. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் எழுதுபவர்களுக்கு மார்க்கர் என்னும் கட்டற்ற செயலி போதும்.

சென்ற மாதம் தக்கலையிலிருந்து வந்த ஒரு மாணவியிடம் பட்டியலுக்குப் பதிலாகச் சோதனைக் கோப்பைக் கொடுத்து அனுப்பினேன். ஒரு வாரத்தில் மூன்று எடிட்டர்களில் அதைத் திறந்து பார்த்து, விஷுவல் ஸ்டுடியோ கோடே தனக்குப் போதும் என்று சொன்னாள். கூடவே, நான் கோப்பில் எழுதாத ஒன்றையும் கவனித்திருந்தாள். பின்நகர்வு விசையை அழுத்தினால் ‘டு’வில் உகரக்குறி மட்டும் போய் ‘ட’ மிஞ்சுகிறது. எழுத்துக்கு முன்னால் நின்று டெலீட் விசையை அழுத்தினால் முழு எழுத்தும் போகிறது. “இது பிழையா சார், வசதியா?” என்று கேட்டாள். உகரத்தை மட்டும் திருத்துகிறவனுக்கு வசதி என்றேன். அந்த வரியையும் கோப்பின் கடைசியில் சேர்த்துவிட்டோம்.