ருபெல்லா: ஊசிக்கு உரிய காலம் கருத்தரிப்பதற்கு முன்பே

பத்து வாரக் கர்ப்பிணி ஒருவர், பாலித்தீன் உறையில் மடித்து வைத்திருந்த ரத்தப் பரிசோதனை அறிக்கையை மேசையில் வைத்துவிட்டு, "கலைச்சிடச் சொல்றாங்க டாக்டர்" என்று அழுதார். கருவைப் பாதிக்கக்கூடிய ருபெல்லா வைரஸுக்கான பரிசோதனை அது. ‘ருபெல்லா ஐஜிஜி பாசிட்டிவ்’ என்ற வரியைச் சுற்றி யாரோ சிவப்பு மையில் வட்டமிட்டிருந்தார்கள். அதற்கு அடுத்த வரியில் ‘ஐஜிஎம் நெகட்டிவ்’ என்று, அதாவது அண்மையில் தொற்று வந்ததற்கான அறிகுறி இல்லை என்று, இருந்ததை எவரும் அவருக்குச் சொல்லவில்லை. அவருக்குக் காய்ச்சலோ தடிப்போ வந்திருக்கவும் இல்லை. எப்போதோ வந்துபோன தொற்றோ, போட்டுக்கொண்ட தடுப்பூசியோ விட்டுச் சென்ற எதிர்ப்பாற்றலைத்தான் ஐஜிஜி காட்டுகிறது. அவருடைய குழந்தைக்கு அதுவே காவல். ஐஜிஎம் பாசிட்டிவ் என்று வந்தாலும்கூட, அது தவறாக வரக்கூடும் என்பதால், இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்துப் பார்க்காமல் நான் எந்த முடிவும் சொல்வதில்லை.

உண்மையில் கவலைப்பட வேண்டியது ஐஜிஜி நெகட்டிவ் என்று வருபவர்களைப் பற்றித்தான். பெரியவர்களுக்கு ருபெல்லா என்பது லேசான காய்ச்சல், முகத்தில் தொடங்கி மூன்று நாளில் மறையும் சிவந்த தடிப்பு, காதுக்குப் பின்னால் நெறி கட்டுதல் ஆகியவற்றோடு போய்விடும். பலருக்கு வந்ததே தெரியாது. ஆனால் கர்ப்பத்தின் முதல் 12 வாரங்களில் வந்தால், நஞ்சுக்கொடியைக் கடந்து, உறுப்புகள் உருவாகும் வேளையிலேயே கருவைத் தாக்குவதால், குழந்தை பாதிக்கப்படும் வாய்ப்பு 90 சதவீதம் வரை போகிறது. கண்புரை, இதயக் குறைபாடு, காது கேளாமை மூன்றும் ஒரே குழந்தைக்கு இருக்கலாம். இந்தத் தொடர்பை 1941இல் முதலில் எடுத்துச் சொன்ன சிட்னி மருத்துவர் நார்மன் கிரெக் ஒரு கண் மருத்துவர் என்பதில் வியப்பில்லை.

தொற்றிய பின் கருவைக் காக்க மருந்து இல்லை. வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸால் ஆனது என்பதால் தடுப்பூசியையும் கர்ப்ப காலத்தில் போடுவதில்லை. போட்ட பின் ஒரு மாதம் கருத்தரிப்பைத் தள்ளிப்போடச் சொல்கிறோம். (தெரியாமல் போட்டுக்கொண்டவர் கருவைக் கலைக்க வேண்டியதில்லை.) தமிழகத்தில் 2017 பிப்ரவரியில் நடந்த தட்டம்மை-ருபெல்லா முகாமில் 15 வயதுக்குட்பட்டவர்களுக்கே ஊசி போடப்பட்டது. அன்று அந்த வயதைத் தாண்டியிருந்த பெண்களில் பலர், ஊசியே போடாமல் இன்று தாய்மைக்குத் தயாராகிறார்கள். திருமணத்துக்குப் புடவை எடுக்கும் மாதத்திலேயே இந்த ஊசியையும் போட்டுக்கொள்ளலாம்.

கர்ப்பிணிக்குத் தடிப்பு கண்டால், ‘அம்மை, ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது’ என்று வேப்பிலையோடு வீட்டில் இருத்திவிடாமல், தடிப்பு தோன்றிய தேதியைக் குறித்துக்கொண்டு மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். மற்ற கர்ப்பிணிகள் அமர்ந்திருக்கும் வரிசையில் காத்திருக்க வேண்டாம். ஐஜிஜி நெகட்டிவ் ஆனவர்களுக்குப் பிரசவம் முடிந்து வீடு திரும்பும் முன்பே ஊசியைப் போட்டுவிடுகிறோம். தாய்ப்பால் கொடுக்க அது தடையில்லை.