அகமுகர் என்பவர் கூச்ச சுபாவி அல்ல

காரைக்குடிப் பக்கம் ஜாதகத்தோடு கைமாறும் பயோடேட்டாக்களில் இப்போது அடிக்கடி கண்ணில் படுகிறது: ‘பையன் இன்ட்ரோவர்ட், அதாவது கூச்ச சுபாவம்.’ பத்திரிகைகளின் மனநலப் பக்கங்களிலும் இதே கதைதான். இது தவறு. சொல்லோடு நிற்காமல் ஆளையும் தவறாகக் காட்டுகிற தவறு.

லத்தீனில் ‘இன்ட்ரோ’ என்றால் உள்ளே, ‘வெர்ட்டெரே’ என்றால் திருப்புதல். 1921-இல் சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் கார்ல் யுங் எழுதிய ஆளுமை வகைகள் பற்றிய நூலால் பரவிய சொல். மன ஆற்றல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதுதான் அவர் பார்த்தது. உள்ளே திரும்பினால் இன்ட்ரோவர்ட்; அவரைத்தான் நான் அகமுகர் என்கிறேன். வெளியே திரும்பினால் எக்ஸ்ட்ரோவர்ட், அதாவது புறமுகர்.

கூச்சம் வேறு. வெயிலில் கண் கூசுகிறது, ஐஸ் பட்டால் பல் கூசுகிறது. வெளியே இருந்து ஒன்று தாக்கும்போது ஒடுங்குவதுதான் கூசுதல். பேச ஆசையிருந்தும், நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்று வாய் எழாமல் நிற்பவரே கூச்ச சுபாவி. அவர் கலகலப்பை விரும்பும் புறமுகராகவும் இருக்கலாம்.

எங்கள் பங்காளி அண்ணன் ஒருவரைத்தான் கல்யாண வீடுகளில் மொய் எழுத உட்கார வைப்பார்கள். முன்பின் தெரியாதவரிடமும் ஊரும் பேரும் கேட்டு எழுதுவார். சமையல்காரர் கணக்கில் பிசகிருந்தால் நேரடியாகச் சொல்வார். பந்தி முடிந்து வளவில் எல்லோரும் கூடிப் பேசும்போது இவர் வீட்டின் பின்பகுதியான இரண்டாங்கட்டுக்குப் போய்விடுவார். ‘அவனுக்குக் கர்வம்’ என்பார் ஓர் அயித்தை. ‘பாவம், கூச்சம்’ என்பார் இன்னொருவர். இரண்டும் இல்லை. கூட்டம் அவரைக் களைக்க வைக்கிறது, அவ்வளவுதான்.

இன்ட்ரோவர்ட்டுக்குச் சிலர் எழுதும் ‘உள்முகச் சிந்தனையாளர்’ என்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை. கூட்டம் பிடிக்காதவரெல்லாம் சிந்தனையாளரா? ‘தனிமை விரும்பி’யோ யாருமே வேண்டாம் என்பவராகக் காட்டுகிறது. நெருங்கிய இரண்டு பேரோடு விடிய விடியப் பேசும் அகமுகர்கள் எத்தனையோ பேர்.

அகம், புறம் என்பது சங்க காலம் தொட்டு நம்முடைய பாகுபாடு. ‘கிழக்கு முகமாக’ என்னும்போது முகம் திசையைச் சொல்கிறது. மனத்தை வெளியே விடாமல் உள்ளே நிறுத்துவதை ரமணர் ‘அகமுகம்’ என்றே சொன்னார். அங்கே பொருள் ஆன்மிகம். ஆனாலும் சொல் கையருகே இருந்தது. நம் மொழிபெயர்ப்பாளர்கள் தேடுவதில்லை. முதலில் வாயில் வந்ததைப் போட்டுவிடுகிறார்கள். அதன் பலனாக, அமைதியான பிள்ளைகளைக் ‘கூச்சம் போக்க’ என்று பயிற்சி வகுப்பில் சேர்க்கிறார்கள்.

அப்புறம், அகமுகருக்கும் புறமுகருக்கும் நடுவில் நிற்பவரை ‘இருமுகர்’ என்று எழுதாதீர்கள். இரட்டை வேடக்காரர் என்று பொருள்பட்டுவிடும். ‘இடைமுகம்’ என்பதைக் கணினித் துறையினர் ‘இன்டர்ஃபேஸ்’ என்பதற்கு எடுத்துக்கொண்டார்கள். அங்கே நல்ல சொல் இனிமேல்தான் வர வேண்டும்.