ஃபீஸ் கட்டியாச்சு, சாப்பாட்டுக்கு?

போன மாதம் ஒரு தம்பி தன் அப்பாவோடு என் வக்கீல் சேம்பருக்கு வந்தார். முப்பது வயதிருக்கும். மூன்றாண்டு எல்எல்.பி. முடித்துவிட்டார், பார் கவுன்சிலில் வக்கீலாகப் பதிவு செய்வதற்கான விண்ணப்பத்தைச் சரிபார்த்துத் தரச் சொன்னார். படித்த காலத்தில் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டேன். அப்பா தரையைப் பார்த்தார். தம்பிக்கு அம்பத்தூரில் ஷிஃப்ட் வேலை. கல்லூரி இருப்பதோ பக்கத்து மாநிலத்தில். பரீட்சைக்கு மட்டும் ரயில் ஏறியிருக்கிறார். பி.எஃப். பாஸ்புக்கில் 36 மாதமும் விடாமல் சந்தா ஏறியிருக்கிறது. கல்லூரி கொடுத்த சான்றிதழில் அதே காலத்துக்கு வருகை 82 சதவீதம்.

இந்த வருடம் இப்படி வந்தவர்களில் இவர் நான்காவது ஆள். அதனால்தான் இதை எழுதுகிறேன். நடுவில் குரல் உயர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தம்பி ஏமாற்றுக்காரர் இல்லை. வீட்டு வாடகை, தங்கை கல்யாணக் கடன் இரண்டும் அவர் தலையில். சம்பளத்தை விட முடியவில்லை. சீட் வாங்கிக் கொடுத்த புரோக்கர், "வேலையில இருந்துக்கிட்டே படிக்கலாம், அட்டென்டன்ஸை நாங்க பாத்துக்கிறோம்" என்றாராம். இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அட்டென்டன்ஸை யாரும் "பார்த்துக்கொள்ள" முடியாது, ஐயா. பட்டம் வேறு, சன்னது (வக்கீலாகத் தொழில் செய்யும் உரிமம்) வேறு. பட்டத்தைப் பல்கலைக்கழகம் கொடுக்கும். அதை வைத்து வக்கீலாக நிற்கலாமா என்று பார்ப்பது பார் கவுன்சில். 2008ஆம் ஆண்டின் சட்டக் கல்வி விதிகள் ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத வருகை வேண்டும் என்கின்றன. தக்க காரணம் இருந்தால் 65 வரை இறங்கலாம், அவ்வளவுதான். வகுப்பே வாரத்துக்கு 30 மணி நேரம். அஞ்சல் வழியில் வாங்கிய எல்எல்.பி.யைச் சுவரில் மாட்டலாம், கோட் போட முடியாது. 2024 செப்டம்பரில் பார் கவுன்சில் ஆஃப் இந்தியா இன்னும் இறுக்கியது: கல்லூரியில் பயோமெட்ரிக் வருகை, கூடவே மாணவர் தரும் உறுதிமொழி. வேலையில் இருந்தால் முதலாளியிடம் தடையில்லாச் சான்று வாங்கியிருக்க வேண்டும்.

சரி, பதிவாகிவிட்டால் தப்பித்தோமா? வழக்கறிஞர் சட்டம் 26ஆம் பிரிவைப் படியுங்கள். முக்கியமான விஷயத்தைத் திரித்துச் சொல்லிப் பதிவானவரின் பெயரைப் பட்டியலிலிருந்தே நீக்கலாம். இத்தனை வருடத்துக்குள்தான் நீக்க வேண்டும் என்று அந்தப் பிரிவில் கெடு எதுவும் இல்லை. பத்து வருடம் கழித்து, நீங்கள் தோற்கடித்த ஓர் எதிர்த்தரப்புக்காரர் உங்கள் பழைய வேலையைத் தோண்டி எடுத்துப் புகார் எழுதுவார். நம் தொழிலில் எதிரிகளுக்குப் பஞ்சமில்லை.

இவ்வளவுக்கும் காரணம் ஃபீஸ் இல்லை. அரசு சட்டக் கல்லூரிகளின் கட்டணம் நடுத்தரக் குடும்பத்தால் தாங்கக்கூடியதுதான். வாடகையும் சாப்பாடும்தான் ஆளைக் கவிழ்க்கின்றன. ஒரு காலத்தில் திருவல்லிக்கேணி மேன்ஷனில் நான்கு பேர் ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டு, உயர் நீதிமன்றத்தை ஒட்டியிருந்த அரசு சட்டக் கல்லூரிக்குப் போய்வந்தார்கள். சாயங்காலம் பாரிமுனையிலேயே ஏதாவது ஓர் ஆபீசில் டைப் அடித்துச் சம்பாதித்தார்கள். 2018இல் அந்தக் கல்லூரி நகரத்துக்கு வெளியே புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் போய்விட்டது. இப்போது நாளில் பாதி பஸ்ஸில் கழிகிறது.

கணக்கைத் தப்பாகப் போடுகிறவர்கள்தான் அதிகம். மூன்று வருடம் ஓட்டிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். ரிசல்ட், பதிவு என்று ஆறு மாதம் போகும். பிறகு ஒரு சீனியர் வக்கீலிடம் ஜூனியராகக் குறைந்தது இரண்டு வருடம். ஆக 66 மாதம். மாதம் 9,000 ரூபாயில் சிக்கனமாக ஓட்டினாலும் 5,94,000 ரூபாய். இந்தத் தொகையை ஒரு தாளில் எழுதிவைத்துவிட்டுச் சேருங்கள்.

பணத்துக்கு வழி இருக்கிறது, பலர் கேட்பதில்லை. வங்கிக் கல்விக் கடன் ஃபீஸுக்கு மட்டும்தான் என்பது தவறு. விடுதி, மெஸ், வெளியே தங்கினால் நியாயமான வாடகை, புத்தகம், லேப்டாப் எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்கலாம். கல்லூரியிலிருந்து செலவு மதிப்பீட்டுக் கடிதம் வாங்குங்கள். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி 7.5 லட்சம் வரை அடமானம் இல்லை. ஆனால் படிப்பு முடிந்து ஓராண்டில் தவணை தொடங்கிவிடும், அதாவது நீங்கள் சீனியரிடம் பஸ் காசு வாங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில். 10 சதவீத வட்டி என்று வைத்தால் 4 லட்சத்துக்கு 15 வருடத் தவணை மாதம் சுமார் 4,300. படிக்கும் காலத்து வட்டியும் சேர்ந்தால் இன்னும் ஏறும். முடிந்தால் அந்த வட்டியை மாதாமாதம் கட்டிவிடுங்கள். கடன் ஆப் பக்கம் தலைவைத்தும் படுக்க வேண்டாம். அம்மாவின் நகை கடைசி வழியாக இருக்கட்டும், முதல் வழியாக வேண்டாம்.

ஆதிதிராவிடர் நலத்துறை, பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை விடுதிகளில் தகுதியுள்ளவர்களுக்குத் தங்குமிடமும் சாப்பாடும் இலவசம். சேர்க்கைக் கடிதம் கைக்கு வந்த வாரமே விண்ணப்பியுங்கள். "அங்கேயா?" என்று முகம் சுளிக்காதீர்கள், அங்கே தங்கிப் படித்து எனக்கு எதிரே ஆஜராகி என்னைத் திணறடித்தவர்கள் உண்டு.

வேலை பார்த்துத்தான் ஆக வேண்டுமா? வகுப்பு முடிந்த பிறகு பாருங்கள். டியூஷன், டைப்பிங், தமிழ்-ஆங்கில மொழிபெயர்ப்பு. பத்திரம், வாக்குமூலம் மொழிபெயர்க்கத் தெரிந்த ஆளை நாங்களே தேடிக்கொண்டிருக்கிறோம். எதைச் செய்தாலும் கல்லூரிப் படிவத்தில் உண்மையை எழுதுங்கள், தயவுசெய்து.

பதிவான பின் முழுநேரச் சம்பள வேலை கூடாது. பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவின் விதி 49. வேறு வேலையில் இருந்துகொண்டு சன்னதைப் பையில் வைத்திருப்பவர்களே, உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நாளுக்கு 3 மணி நேரத்துக்கு மேற்படாமல் சட்டம் கற்பிக்கலாம், பத்திரிகைக்கு எழுதலாம்.

ஒரு நல்ல செய்தி: 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125. முன்பு பல மாநிலங்களில் ஆயிரக்கணக்கில் கேட்டார்கள். மிச்சமாகும் காசு இரண்டு மாதச் சாப்பாட்டுக்கு ஆகும்.

அப்புறம் ஜூனியர் காலம். 2024 அக்டோபரில் பார் கவுன்சில் ஆஃப் இந்தியா நகரத்தில் 20,000, கிராமப்புறத்தில் 15,000 உதவித்தொகை தரச் சொல்லிச் சுற்றறிக்கை விட்டது. அது பரிந்துரைதான், கட்டாயம் இல்லை. எத்தனை சீனியர்கள் தருகிறார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள், சங்கடமாக இருக்கிறது. சேரும் முதல் நாளே, "சார், மாதம் எவ்வளவு தருவீர்கள்?" என்று கேட்டுவிடுங்கள். கூச்சமாக இருக்கிறதா? நாளைக்குக் கட்சிக்காரரிடம் ஃபீஸ் கேட்கப்போவதும் இதே வாய்தானே.