கேட்டில் பெயிண்ட் ஏன் நிற்கவில்லை?

பொங்கலுக்கு இரும்பு கேட்டுக்குக் கறுப்பு எனாமல் அடித்தோம். ஐப்பசி மழையில் அது வெங்காயச் சருகு மாதிரி உரிந்து வந்தது. பெருந்துறைப் பக்கமிருந்து வந்த பெயிண்டர் அண்ணன் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "வழுவழுன்னு இருந்தா எதையப் புடிச்சுட்டு நிக்குமுங்க?"

எங்கள் அப்புச்சி வீட்டில் அம்மி வழுவழுப்பானால் உளி வைத்துக் கொத்த ஆள் வரச் சொல்வார்கள். ஊத்துக்குளிக் கல் வைத்த கோயம்புத்தூர் கிரைண்டரும் அப்படித்தான், கல்லில் சொரசொரப்பு இருந்தால்தான் மாவு அரைபடும். பெயிண்டுக்கும் அதே கதை. கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களுக்குள் இறங்கிக் காய்ந்தால்தான் அது பிடித்து நிற்கும். துருவின் மேல் அடித்தாலோ, துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும் பொருள் என்பதால், உள்ளே வளர வளரப் பெயிண்டைத் தூக்கிவிடும்.

சரி, அந்தப் பள்ளத்தை உண்டாக்குவது எப்படி? உப்புத்தாள்தான் எளிய வழி. பெயரில் உப்பு இருந்தாலும் தாளில் ஒட்டியிருப்பது அலுமினியம் ஆக்சைடு அல்லது சிலிக்கன் கார்பைடு. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவில் மணல் 7 என்றால் இவை 9-ஐ ஒட்டியவை. ஒவ்வொரு துகளும் ஒரு குட்டி உளி. தாளின் முதுகில் இருக்கும் எண் கூடக் கூடத் துகள் சிறுக்கும்: 80-இல் ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர், 220-இல் தலைமுடி கனம்தான்.

அப்படியானால் தேய்ப்பது என்பது கீறலை அழிப்பதல்ல, பெரிய கீறலுக்குப் பதில் சின்னக் கீறலை வைப்பது. தேக்குக் கதவில் 80 போட்டுவிட்டு நேராக 220-க்குத் தாவினால், 80-இன் பள்ளங்களின் அடிவரை அது இறங்காது. வார்னிஷ் அடித்த பிறகு அத்தனையும் வெளிச்சத்தில் வரிவரியாகத் தெரியும். நடுவில் 120, 180 தேவை. மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே இழுத்தால் நார் அறுபட்டுக் கோடு விழும்.

பூ வேலை செய்த கிரில்லின் இடுக்குகளில் கைக்கும் தாளுக்கும் எட்டாது. அதற்குத்தான் சாண்ட் பிளாஸ்டிங். கம்ப்ரசர் காற்று, பைக் டயரில் இருப்பதைப்போல் சுமார் மூன்று மடங்கு அழுத்தத்தில், துகள்களை வாரி இறைக்கும். வேகம் இரண்டு மடங்கானால் மோதும் ஆற்றல் நான்கு மடங்காகும். இந்த முறைக்கு 1870-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் பெஞ்சமின் சூ டில்மன். கோவை பவுண்டரிகளில் வார்ப்பில் ஒட்டிய மண்ணை உதிர்க்க எஃகுக் குண்டுகளை வீசுவதும் இதன் பங்காளி வேலைதான்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது பூஜை அறைக் கதவுக் கண்ணாடி. விளக்குப் படத்தை ஸ்டிக்கராக ஒட்டிவிட்டு மணலடிப்பார்கள். கெட்டியான கண்ணாடி பொடிந்து மங்கும், மெத்தென்ற ஸ்டிக்கருக்கோ ஒன்றும் ஆகாது! கண்ணாடியால் வளைந்துகொடுக்க முடியாததால் அடி வாங்கிய இடம் நொறுங்குகிறது. ஸ்டிக்கர் அமுங்கி, துகளைத் துள்ளவிட்டுவிடுகிறது.

மணலடிப்பு என்று பெயர் இருந்தாலும் ஆற்று மணலை இதற்குத் தொடவே கூடாது. மோதும்போது அது உடைந்து, கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா தூசியாகி நுரையீரலின் அடிவரை போகும். அங்கே உண்டாகும் தழும்பு ஆறாது. சிலிக்கோசிஸ் என்பது அதுதான். பிரிட்டன் 1949-இலேயே வார்ப்புகளுக்கு மணலடிப்பதை விதி போட்டுத் தடுத்தது. ஜீன்ஸ் துணியை வெளுக்க மணலடித்த தொழிலாளர்கள் பலர் இந்நோயில் விழுந்ததால், துருக்கி 2009-இல் அந்த வேலையைத் தடை செய்தது. கார்னெட் என்ற கனிமத் துகள், கண்ணாடி மணி, எஃகுக் குண்டு என்று மாற்றுகள் இருக்கின்றன.

வீட்டில் பழைய ஜன்னல் கம்பியைத் தேய்ப்பதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் நஞ்சான ஈயம் 90 பிபிஎம்மை, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக்கூடாது என்ற விதி 2017-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் நனைக்கக்கூடிய உப்புத்தாளான வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்த்தால் தூசி பறக்காது. மூக்கில் கட்டும் துண்டு இதற்கெல்லாம் உதவாது, நல்ல மாஸ்க் வேண்டும். குழந்தைகளை வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுவது உத்தமம்.

எங்கள் கேட்டைக் கழற்றிப் பட்டறைக்கு அனுப்பினோம். மதியம் சாம்பல் நிறத்தில் அழகாக வந்தது. நாளைக்கு அடிக்கலாம் என்றேன். அண்ணன் கேட்கவில்லை. தோல் உரிந்த இரும்பு ஒரே ராத்திரிப் பனியில் பழுப்பாகிவிடும் என்று, பொழுது சாய்வதற்குள் ரெட் ஆக்சைடு அடிப்பூச்சைப் பூசிவிட்டுத்தான் டீ குடித்தார்.