ஏப்ரல் மதியத்தில் ஜக்கூர், குன்னூர் ஆகிவிடும்

சென்னைப் பக்கம் கடற்கரையோரம் ட்ரைக் (துணி இறக்கைக்குக் கீழே எஞ்சினும் சீட்டும் தொங்கும் குட்டி விமானம்) ஓட்டிப் பழகிய தம்பி ஒருவர் போன ஏப்ரலில் என்னிடம் வந்தார். கூடவே ஒரு நண்பர், நல்ல ஆகிருதி. மதியம் மூன்று மணி. "வெயில் ஒண்ணும் நம்ம ஊர் மாதிரி இல்லையே சார், ஒரு ரவுண்டு போய்ட்டு வந்துடுறோம்" என்றார். முடியாது என்றேன். முகம் வாடிவிட்டது. பயிற்சி கொடுக்க ஆரம்பித்த நாளிலிருந்து இதே பேச்சைக் கேட்கிறேன், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

ஜக்கூர் விமானத்தளம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,000 அடி உயரம். பெங்களூரு மேட்டில் இருக்கும் ஊர் என்பதே நமக்கு மறந்துபோகிறது. உயரத்தோடு வெயிலும் சேர்ந்தால் காற்று இன்னும் மெலியும். 34 டிகிரி மதியத்தில் கணக்குப் போட்டால் இறக்கைக்கும் எஞ்சினுக்கும் அது 6,000 அடிக் காற்று, அதாவது குன்னூர். கடல்மட்டக் காற்றில் ஆறில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். ட்ரைக்கில் இருக்கும் 64 குதிரைத்திறன் ரோடாக்ஸ் 582 எஞ்சின், ஐம்பத்துச் சொச்சம்தான் தரும்.

எஞ்சின் இளைப்பதைவிட என்னைப் பயமுறுத்துவது கண்தான். வேகமானி 60 கி.மீ. காட்டும்போது, மெலிந்த காற்றில் ட்ரைக் உண்மையில் 65ஐத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்துப் புல் பின்னால் ஓடுகிற வேகத்தைப் பார்த்து, எழும்ப இது போதும் என்று கை, பாரை (இறக்கையைச் சாய்க்கப் பிடிக்கும் குறுக்குக் கம்பி) முன்னே தள்ளிவிடும். தள்ளினால் மூக்கு தூக்கும், வேகம் விழும். தரையை ஒட்டிப் பத்தடி எழும்பிவிட்டு அதற்குமேல் ஏறமாட்டேன் என்று நிற்கும். பதறி இன்னும் தள்ளினால் ஸ்டால், அதாவது இறக்கை தாங்காமல் கைவிட்டுவிடும். அந்த நேரத்தில் பாரை நெஞ்சுப் பக்கம் இழுத்து வேகம் சேரவிட வேண்டும். தரை அவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது இழுக்க மனசு வராது. ஓடுபாதை மீதி இருந்தால் த்ராட்டிலை மூடி இறங்கிவிடுங்கள். என் ஆரம்ப காலத்தில் நான் இறங்கவில்லை. வேலிவரை போய், முன்சக்கரம் முறிந்து நின்றேன்.

கார்பரேட்டர் ஜெட்டையும் (எஞ்சினுக்குப் பெட்ரோலை அளந்து விடும் துளை) சொல்லிவிடுகிறேன். கடற்கரைக்குப் பொருத்திய ஜெட்டோடு டூ-ஸ்ட்ரோக் எஞ்சினை இங்கே ஓட்டினால் பெட்ரோல் மிகுந்து பிளக் கறுக்கும், இழுவை இன்னும் குறையும். இங்கே சின்ன ஜெட் மாட்டிவிட்டு, மறந்துபோய் அதே வண்டியைச் சென்னையில் பறக்கவிடுவது அதைவிட மோசம். பெட்ரோல் போதாமல் சூடேறி, பறக்கும்போதே பிஸ்டன் பிடித்துக்கொண்டு எஞ்சின் நின்றுவிடும். ஜெட் எண்ணைச் சீட்டில் எழுதி மீட்டருக்குப் பக்கத்தில் ஒட்டச் சொல்வேன்.

மறுநாள் காலை ஆறரைக்கு 22 டிகிரி. நண்பரைக் கீழே நிறுத்திவிட்டு, பின்சீட்டில் நான் உட்கார்ந்தேன். இறங்கியதும் அந்தத் தம்பி சொன்னார்: "புல்லைப் பார்க்கவே இல்ல சார். மீட்டரை மட்டும்தான் பார்த்தேன்."