ஒரே ரைபிள், ஒரே கை, தோட்டா டப்பா மட்டும் வேற

பெர்த்துல இருக்குற என் மச்சான் போன வாரம் வாட்சப்ல ரெண்டு போட்டோ அனுப்பினான். ரெண்டும் 50 மீட்டர்ல அடிச்ச பேப்பர். ஒண்ணுல அஞ்சு ஓட்டையையும் நம்ம மலேசியா 20 காசை வச்சு மூடிடலாம், இன்னொண்ணு ரவா தோசை மாதிரி இருக்கு. "மச்சான், அதே ரைபிள், அதே ஸ்கோப், அதே காலை நேரம். டப்பா மட்டும்தான் வேற. அதுலயும் சிதறுறது விலை கூடுனது. ஏமாத்திட்டானுங்களா?" அப்படின்னு கேக்குறான்.

அவன் அங்க தெரிஞ்சவங்க பண்ணையில முயல் அடிக்கிறவன். முயலை பாயிண்ட் டூ டூ (.22) சின்ன ரைபிளால அடிச்சா தலையில படணும், ரெண்டு மூணு சென்டிமீட்டர் தள்ளிப் போனாலும் காயத்தோட ஓடிப்போய் புதருக்குள்ள கிடந்து சாகும், அதனால அவனுக்கு இது கௌரவப் பிரச்சினை மட்டும் இல்ல. நான் வேட்டைக்குப் போறதில்ல. நமக்கு சுபாங்ல, 2017 சீ கேம்ஸுக்கு சுட்டாங்களே அந்த ரேஞ்ச்ல, பேப்பர் மட்டும்தான். இங்க அக்தா சென்ஜாத்தா 1960ன்னு ஆயுதச் சட்டம் இருக்கு, லைசன்ஸ் இல்லாம ஒரு தோட்டா பாக்கெட்ல கிடந்தாலே கதை முடிஞ்சுது. ஆனா பேப்பரோ முயலோ, அந்தத் தோட்டாவுக்குள்ள நடக்குறது ஒண்ணுதான்.

பெரிய ரைபிள் தோட்டான்னா அடியில நடுவுல தனியா ஒரு சின்ன பிரைமர் இருக்கும், அடி பட்டதும் வெடிச்சு உள்ள இருக்குற மருந்தைப் பத்த வைக்கிறது அதுதான். சுட்ட கேஸை, அதாவது காலிக் கூட்டை எடுத்து புது பிரைமர், அளந்த மருந்து, புது குண்டுன்னு வீட்டுலயே நிரப்பிக்குவாங்க, தன் துப்பாக்கிக்கு எது ஒத்துவருதோ அந்த அளவுல. 1887ல வந்த இந்த .22 லாங் ரைபிள்ல அந்த வேலை நடக்காது. இதுல பிரைமர் மருந்து கேஸோட அடி விளிம்புக்குள்ள, அந்த மடிப்புல இருக்கு. ரைபிளோட ஃபயரிங் பின் வந்து விளிம்பை நசுக்கினாத்தான் வெடிக்கும், ஒருமுறை நசுங்கினா அந்த கேஸ் குப்பைதான். அதனால ஃபேக்டரிக்காரன் என்ன போட்டுக் குடுத்தானோ அதை வாங்கித்தான் சுடணும்.

அந்த மருந்தை விளிம்புக்குள்ள எப்படிக் கொண்டுபோறாங்க? ஈரமான கூழ் மாதிரி கொஞ்சம் எடுத்து கேஸுக்குள்ள அடியில வைப்பாங்க, அப்புறம் வேகமா சுத்தி ஓரத்துக்குத் தள்ளுவாங்க. பிரிக்ஃபீல்ட்ஸ்ல கடைக்கார அண்ணன் தோசைக்கல்லுல கரண்டியால மாவைச் சுத்துறதை நின்னு பாருங்க, எவ்வளவு கை தேர்ந்தவரா இருந்தாலும் ஓரத்துல ஒரு பக்கம் மொத்தமாவும் ஒரு பக்கம் மெலிசாவும் இருக்கும். தோசைன்னா மெலிசான பக்கம் முறுகலா இருக்கும்னு சாப்பிட்டுடலாம். தோட்டாவுல பின் அடிக்கிற இடத்துல மருந்து கூடக் குறைய இருந்தா குண்டோட வேகம் மாறிடும். நல்ல மேட்ச் தோட்டாவுக்கு, அதாவது போட்டிக்குன்னே செய்யுற தோட்டாவுக்குக் குடுக்குற காசுல பெரும்பங்கு இந்த மாவைச் சமமா ஊத்துறதுக்குத்தான்னு நான் சொல்லுவேன்.

வேகம் கொஞ்சம் மாறினா என்ன ஆயிடப்போகுதுன்னு தோணும். ஒரு கணக்கு போட்டுப் பாப்போம். 40 கிரெயின் குண்டு, அதாவது 2.6 கிராம், வழியில சராசரியா வினாடிக்கு 315 மீட்டர் போகுதுன்னு வைங்க. 50 மீட்டர் போய்ச் சேர 0.16 வினாடி, அதுக்குள்ள புவியீர்ப்பு அதை 12 சென்டிமீட்டர் சொச்சம் கீழ இழுத்துடும். அடுத்த குண்டு 10 மீட்டர் வேகம் குறைஞ்சு வந்தா இன்னும் 8 மில்லிமீட்டர் கீழ விழும். ஒலிம்பிக் 50 மீட்டர் டார்கெட்ல நடுவுல இருக்குற பத்துப் புள்ளி வளையத்தோட அகலமே 10.4 மில்லிமீட்டர்தான். அதே 10 மீட்டர் வித்தியாசம் 100 மீட்டர்ல மூணரை சென்டிமீட்டர் ஆயிடும், முயல் தலை தப்பிச்சுது.

அப்போ வேகமான தோட்டா வாங்கினா சரியாயிடுமேன்னு மச்சான் கேட்டான், எல்லாரும் கேக்குறதுதான். ஹை வெலாசிட்டி தோட்டா வினாடிக்கு 380 மீட்டர் கிட்ட கிளம்பும், அது ஒலியை விட வேகம், ஆனா 100 மீட்டர் போறதுக்குள்ள காத்து அதைப் பிடிச்சு இழுத்து ஒலி வேகத்துக்குக் கீழ இறக்கிடும். அந்த எல்லையைத் தாண்டுற இடத்துல குண்டு ஆட்டம் கண்டுடும். பக்கக் காத்துல கூட மெதுவான குண்டை விட இதுதான் அதிகமா தள்ளிப் போகும், நம்ப மாட்டீங்க ஆனா உண்மை. அதனாலதான் மேட்ச் தோட்டா எல்லாம் 325, 330 மீட்டர்லயே நிக்குது. நம்ம கேஎல் 32 டிகிரி வெயில்ல ஒலி வினாடிக்கு 350 மீட்டர் போகுது, நல்ல இடைவெளி இருக்கு. பெர்த்ல குளிர்காலத்துக் காலையில 8 டிகிரின்னா 336தான், அவனுக்கு அந்த இடைவெளி ரொம்ப ஒட்டி இருக்கு.

இதுவரைக்கும் தோட்டா பக்கம்தான். மச்சானோட கேள்விக்கு உண்மையான பதில் பேரல்ல இருக்கு. ட்ரிகர் விழுந்ததும் பேரல் தூண்டில் கம்பு மாதிரி அதிரும், கண்ணுக்குத் தெரியாது. அந்த அதிர்வுல பேரலோட வாய் எங்க இருக்கும்போது குண்டு வெளிய வருதுங்கிறதுதான் விஷயம். வாய் மேல ஏறிக்கிட்டு இருக்குற நேரமா அமைஞ்சா, மெதுவான குண்டு கொஞ்சம் லேட்டா வரும், அதுக்குள்ள வாய் இன்னும் கொஞ்சம் மேல போயிருக்கும், அதனால அது உயரத்தைப் பார்த்துக் கிளம்பும். அப்போ அது அதிகமா விழுறதும் இதுவும் ஒண்ணுக்கொண்ணு சரியாப் போயிடும். வாய் கீழ இறங்குற நேரமா அமைஞ்சா தப்பு ரெண்டு மடங்கு. அதனால ஒரு பேரலுக்கு அமிர்தமா இருக்குற தோட்டா பக்கத்து பெஞ்ச்காரரோட பேரல்ல கேவலமா போகும், விலையைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. லாபுவா, எஸ்கேன்னு ரெண்டு பிராண்ட் .22 தோட்டாவையும் ஜெர்மனியில ஷோனபெக்ங்கிற ஒரே ஊர்லதான் செய்யுறாங்க, ஆனாலும் விலை குறைஞ்ச எஸ்கே நல்லா போற பேரல்ல லாபுவாவும் அப்படியே போகும்னு யாரும் உத்தரவாதம் குடுக்க முடியாது. பெரிய போட்டிக்காரங்க துப்பாக்கியைத் தூக்கிக்கிட்டு ஃபேக்டரியோட டெஸ்ட் ரேஞ்சுக்கே போய், லாட் லாட்டா (ஒரே தடவையில சேர்த்துத் தயாரிச்ச தோட்டாக்கள்தான் ஒரு லாட்) சுட்டுப் பார்த்து, ஒத்துவர்ற லாட்டை மொத்தமா வாங்கிட்டு வர்றாங்க.

நமக்கு அந்த வசதி இல்ல, கடையில கிடைக்கிற நாலஞ்சு வகையில வகைக்கு ஒரு டப்பா வாங்கிப் பார்க்கலாம். இதுல நானே முதல்ல செஞ்ச முட்டாள்தனம் ஒண்ணு: டப்பா மாத்தின உடனே முதல் குண்டுல இருந்தே எண்ண ஆரம்பிச்சேன். .22 குண்டு மேல மெழுகோ கிரீஸோ தடவியிருப்பாங்க, விரலால தொட்டா பிசுபிசுன்னு ஒட்டும், அது பேரலுக்குள்ள ஒரு படலமா படியும். வேற கம்பெனி மெழுகு வேற மாதிரி. பழைய படலம் போய் புதுசு படியுறதுக்கு பத்து பதினஞ்சு குண்டு சும்மா சுடணும், அப்புறம்தான் கணக்கு.

அடுத்தது, மச்சான் அனுப்பின அந்த அஞ்சு ஓட்டை. சராசரியா 15 மில்லிமீட்டர் அகலத்துக்குள்ள ஓட்டையெல்லாம் சேர்ற ஒரே தோட்டாவை அஞ்சஞ்சா இருபது தடவை சுட்டா, ஒண்ணு 9 மில்லிமீட்டர்ல வரும், ஒண்ணு 22ல வரும், அத்தனையும் வெறும் அதிர்ஷ்டம். அந்த 9ஐ போட்டோ எடுத்து வச்சுக்கிறதுதான் மனுஷ புத்தி. பத்து பத்து குண்டா நாலு குரூப், காத்தடிக்காத நேரத்துல, ரெண்டு தோட்டாவையும் அதே நாள்லன்னு, இப்படி வேற வேற நாள்ல சுட்டுட்டு அப்புறம் பேசுடான்னு சொன்னேன்.

முணுமுணுத்துக்கிட்டே போய் சுட்டான். விலை குறைஞ்சதுதான் திரும்பவும் ஜெயிச்சுது, அஞ்சு ஓட்டையில காட்டின அளவு இல்லன்னாலும். உடனே ஒரு பெட்டி வாங்கப் போறேன்னான். டேய் இரு, கம்பெனி பேரைப் பார்த்து வாங்காத, டப்பாவுல அச்சடிச்சிருக்குற லாட் நம்பரைப் பாரு, லாட் மாறினா மருந்தும் மெழுகும் கொஞ்சமாவது மாறியிருக்கும், அதே நம்பரா கேட்டு வாங்குன்னேன்.

அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்ல. "தோட்டாவையெல்லாம் பிளாஸ்டிக் பெட்டியில கொட்டிட்டு டப்பாவை ரீசைக்கிள் பின்ல போட்டுட்டேன் மச்சான். இன்னிக்கு காலைலதான் லாரி வந்து எடுத்துட்டுப் போச்சு."