ஷாம்பூவை விடுமுன் கிணற்றைக் கேளுங்கள்

போன கச்சான் காற்று வீசும் வறண்ட காலத்தில் நிலாவெளியிலிருந்து ஓர் அம்மா என்னிடம் வந்தார். சேலைத் தலைப்பால் தலையை மூடியிருந்தார், அதை எடுக்கவே கூச்சப்பட்டார். எடுத்துப் பார்த்தால் முடி மெழுகு தடவியதுபோலத் திரிதிரியாக ஒட்டிக் கிடந்தது. சீப்பைக் கொண்டுவந்திருந்தார். அதன் பற்களுக்கிடையில் சாம்பல் நிறத்தில் ஒரு படிவு. ஷாம்பூவை விட்டு மூன்று மாதம் ஆகிறதாம். இயற்கைக் கடையொன்றில் தேங்காயெண்ணெய்ச் சவர்க்காரம் வாங்கித் தலைக்குப் போடுகிறார், கடைசியில் தேசிக்காய்த் தண்ணீர் ஊற்றுகிறார்.

"என்ர தங்கச்சியும் இதைத்தான் டொக்டர் செய்யிறா. அவவுக்குத் தலைமயிர் பட்டுப்போல கிடக்கு. எனக்கு மட்டும் ஏன் இப்பிடி ஒட்டுது?"

தங்கச்சி எங்கே இருக்கிறார் என்று கேட்டேன். உவர்மலையில். சரி, பாதி விடை அங்கேயே கிடைத்துவிட்டது. பெயரில்தான் உவர் இருக்கிறது. அங்கே குழாயில் வருவது கந்தளாய்ப் பக்கமிருந்து சுத்திகரித்து அனுப்பும் குளத்துத் தண்ணீர். அக்காவின் வீட்டிலோ கடற்கரை மணலில் தோண்டிய கிணறு. மாரியில் ஓரளவு நல்ல தண்ணீர் இருக்கும், கச்சான் வீசத் தொடங்கி நீர்மட்டம் இறங்கினால் வாயில் வைக்க முடியாது. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், ஒரே சவர்க்காரம், ஒரே தேசிக்காய். தண்ணீர்தான் வேறு.

நான் சித்த வைத்தியம் படித்தவள், திருகோணமலையில் 15 வருடமாக ஆட்களைப் பார்த்துவருகிறேன். ஷாம்பூவை விட்டுவிட்டேன் என்று பெருமையோடு சொல்பவர்களும், விட்டதால் தலை நாசமாய்ப் போனது என்று கோபத்தோடு வருபவர்களும் மாதத்துக்கு நாலைந்து பேராவது இருப்பார்கள். எதைப் பூசினீர்கள் என்று எல்லாரும் ஒப்பிக்கிறார்கள். எந்தத் தண்ணீரில் கழுவினீர்கள் என்று நானாகக் கேட்டால்தான் உண்டு.

நீங்களே பார்த்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. வெறும் போத்தலொன்றில் மூன்றிலொரு பங்கு உங்கள் கிணற்றுத் தண்ணீரை விடுங்கள். நல்ல சவர்க்காரத்தைக் கத்தியால் சீவி ஒரு சிட்டிகை போடுங்கள் (சலவைத் தூளோ பாத்திரம் கழுவும் திரவமோ வேண்டாம், அவை இந்தச் சோதனையில் ஏமாற்றிவிடும்). மூடிக் குலுக்குங்கள். நுரை பொங்கி, கீழே தண்ணீர் தெளிவாக இருந்தால் மென்னீர். நுரை வராமல் திரிந்த பால்போலக் கலங்கினால் வன்னீர். போத்தலில் திரிந்து நிற்கும் அதே சமாச்சாரந்தான் அந்த அம்மாவின் சீப்பில் இருந்தது. தண்ணீரில் கரைந்துள்ள கல்சியமும் மக்னீசியமும் சவர்க்காரத்தின் கொழுப்பமிலத்தோடு சேர்ந்து, தண்ணீரில் கரையாத ஒரு பசையாகிவிடுகின்றன. அது முடியில் படிந்தால் எத்தனை வாளி ஊற்றினாலும் போகாது. மேலும் சவர்க்காரம் போட்டால் மேலும் பசைதான்.

ஷாம்பூ உலகத்தைப் பிடித்ததற்கும் இதுவே ஒரு காரணம். அந்தச் சொல் நம் பக்கத்திலிருந்துதான் போனது. அமுக்கிப் பிடித்துவிடுவதைக் குறிக்கும் இந்திச் சொல் அது. பட்னாவில் பிறந்த ஷேக் தீன் முகமது என்பவர் 1814இல் இங்கிலாந்தின் பிரைட்டனில் நீராவிக் குளியலும் உடம்பு பிடித்துவிடுதலும் சேர்ந்த ஒரு குளியலகம் திறந்தபோது, அந்தப் பிடித்துவிடுதலுக்குத்தான் ஷாம்பூ என்று பெயர். தலை கழுவும் திரவத்துக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது பின்னாலே. 1930களில் அமெரிக்காவில் சவர்க்காரம் இல்லாத, செயற்கைச் சலவைப்பொருளில் செய்த ஷாம்பூ விற்பனைக்கு வந்தது. வன்னீரிலும் அது பசையாகத் திரியவில்லை. உவர்க்கிணற்று ஊர்க்காரர்களுக்கு இது சின்ன விசயமில்லை. ஆகவே ஷாம்பூவை விட்டுவிட்டுச் சவர்க்காரக் கட்டிக்குப் போவது, அது எத்தனை மூலிகைச் சவர்க்காரமானாலும், நம் கரையோரத்தில் பின்னோக்கி நடப்பதுதான்.

அப்போ எதற்குப் போவது? நம்மிடம் முன்பே இருந்ததற்குத்தான். அரப்பு, சீயாக்காய், பூந்திக்கொட்டை இந்த மூன்றிலும் சபோனின் என்ற பொருள் இருக்கிறது. அதுவும் நுரைக்கும், எண்ணெயையும் அழுக்கையும் பிரித்தெடுக்கும். ஆனால் சவர்க்காரம்போல வன்னீரில் திரண்டு படியாது. அரப்பு என்று இங்கே நாம் சொல்வது இலுப்பை விதையில் எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் பிண்ணாக்கை. தமிழ்நாட்டில் அதே பெயரில் ஒரு மரத்தின் இலைத்தூளை விற்கிறார்கள், அது வேறு. இன்றைய பிள்ளைகளுக்கு அரப்பு என்றால் கலியாண வீடும் செத்த வீடும்தான் நினைவுக்கு வருகின்றன. எங்கள் அம்மம்மாவுக்கு அது கிழமைக்கொரு தரம் அடுப்பில் வேகும் சாமான்.

நான் சொல்லிக் கொடுக்கும் முறை அவருடையதுதான். அரப்பை இடித்து இரண்டு மேசைக்கரண்டி, உடைத்த சீயாக்காய் நாலைந்து, ஒரு கரண்டி வெந்தயம், இருந்தால் காய்ந்த தேசிக்காய்த் தோல். மூன்று கோப்பைத் தண்ணீரில் இரவே ஊறப்போட்டு, காலையில் சிறு நெருப்பில் கால் மணி நேரம் அவித்து, ஆறியதும் பழைய வேட்டித் துணியில் வடிக்க வேண்டும். வடிப்பதில் சோம்பல் படாதீர்கள். தூளாகவே அப்பிக்கொண்டு, பிறகு தலையில் பொடுகு கொட்டுகிறது என்று வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கொட்டியது சீயாக்காய்த் தூள். வடித்த தண்ணீரைத் தோலில் விட்டு விரல் நுனியால் தேய்த்து, ஐந்து நிமிடம் விட்டுக் கழுவினால் போதும். நுரை கொஞ்சமாகத்தான் வரும். நுரை வந்தால்தான் சுத்தம் என்ற நினைப்பை விட்டுவிடுங்கள். மிஞ்சியதை ஒரு கிழமைக்கு வைத்துக்கொள்ள முடியாது. இதில் கெடாமல் காக்கும் மருந்து எதுவும் இல்லை, இந்தச் சூட்டில் அடுத்த நாளே புளித்து மணக்கும்.

மிஞ்சியதை எங்கே ஊற்றுவது என்பதிலும் கவனம் வேண்டும். இந்தியாவில் மீன் வளர்க்கும் குளங்களில், குஞ்சு விடுமுன் பழைய மீன்களை ஒழிக்க இலுப்பைப் பிண்ணாக்கைத்தான் கரைக்கிறார்கள். அதன் சபோனின் மீனின் சிவப்பணுக்களை உடைத்துவிடும். மனிதத் தோலுக்கு அப்படிச் செய்யாது, ஆனால் கண்ணில் பட்டால் மிளகாய்போல் எரியும். சின்னப் பிள்ளை வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தொட்டியில் மீன் வளர்ப்பவர்கள் அந்தப் பக்கமே கொண்டுபோக வேண்டாம். இயற்கை என்றால் சாது என்று நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது இந்த மீன் கதைதான்.

செவ்வரத்தை இலையை மட்டும் அரைத்துப் பூசிவிட்டு எண்ணெய் போகவில்லை என்பவர்கள் இன்னொரு வகை. போகாது. செவ்வரத்தை, வெந்தயம், கற்றாழை இவற்றின் கொழகொழப்பு முடிக்கு மேல் ஒரு மெல்லிய படலமாக நின்று வழவழப்பைத் தரும். கண்டிஷனர் செய்யும் வேலை அது. அழுக்கெடுப்பது வேறு வேலை. அம்மம்மா எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டதன் அர்த்தம் எனக்கே படித்து முடித்த பிறகுதான் விளங்கியது.

இணையத்தில் பார்த்துவிட்டு அப்பச்சோடாவைக் கரைத்து ஊற்றுவோரும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். நம் தலைத்தோல் லேசான புளிப்புத் தன்மை உள்ளது, பீஎச் அளவில் (7 நடு, அதற்குக் கீழே புளிப்பு, மேலே காரம்) ஏறத்தாழ 5.5. முடித்தண்டு அதைவிடவும் புளிப்பு. அப்பச்சோடாக் கரைசல் 8ஐத் தாண்டும், சவர்க்காரம் 9, 10 வரை போகும். காரம் ஏற ஏற முடியின் மேல் ஓடுபோல அடுக்கியிருக்கும் செதில்கள் தூக்கிக்கொள்ளும். ஒன்றோடொன்று சிக்கி, சீவும்போது அறுந்து வரும். முதல் இரண்டு தடவை தலை கிறீச்சென்று சுத்தமாக இருப்பதுபோலத்தான் தோன்றும். மூன்றாம் மாதம் என்னிடம் வருவீர்கள்.

அதற்கு மறுபுறம் தேசிக்காய். கடைசியாகக் கொஞ்சம் புளிப்புத் தண்ணீர் ஊற்றுவது நல்லதுதான். செதில்கள் படியும், வன்னீரின் படிவும் கொஞ்சம் இளகும். ஒரு லீற்றர் தண்ணீருக்குப் பாதித் தேசிக்காய், அல்லது ஒரு மேசைக்கரண்டி தேங்காய் வினாகிரி போதும். நேராகப் பிழிந்து தேய்ப்பது வேறு கதை. தேசிப்புளியின் பீஎச் 2க்குக் கிட்ட. அதைவிட மோசம், தேசித் தோலிலும் சாற்றிலும் வெயில் பட்டால் தோலைச் சுட்டுவிடும் பொருட்கள் இருக்கின்றன. பாலையூற்றுப் பிள்ளையொருத்தி தலைக்குத் தேசிக்காய் தேய்த்துவிட்டு முடி காய முற்றத்து வெயிலில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாளில் நெற்றியிலும் கழுத்திலும் சாறு வழிந்த தடம் அப்படியே கறுத்துக் கொப்புளித்தது. தாய் செய்வினை என்றே முடிவுகட்டிவிட்டார். அந்தக் கறுப்பு மறைய மாதக்கணக்கானது.

ஷாம்பூவை விட்டால் முதலில் தலை எண்ணெய் வடியும், ஆறு கிழமை பொறுத்தால் தோல் பழகி எண்ணெய் சுரப்பதைத் தானே குறைத்துவிடும் என்கிறார்கள். இதை நான் ஏற்பதில்லை. எண்ணெய்ச் சுரப்பைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் ஓமோன்களும் வயதும் பரம்பரையும். நீங்கள் எதால் கழுவுகிறீர்கள் என்று அந்தச் சுரப்பிகளுக்குத் தெரியாது. பதினாறு வயதுப் பிள்ளையை ஆறு கிழமை எண்ணெய்த் தலையோடு பள்ளிக்கு அனுப்பிவிட்டு, பழகிவிடும் என்று காத்திருப்பதில் பொருளில்லை. பிசுக்கு ஏறினால் கழுவுங்கள், அவ்வளவுதான்.

பள்ளிப் பிள்ளைகள் என்றதும் ஒன்று. காலை ஐந்தரைக்குத் தோய்ந்து, ஈரத்தோடு எண்ணெய் வைத்து, இரட்டைப் பின்னலை இறுக்கிக் கட்டி அனுப்புகிறோம். மத்தியானம் அவிழ்த்தால் உள்ளே இன்னும் ஈரம். கிண்ணியா, மூதூர்ப் பக்கத்துப் பெண்களும் ஈரத் தலைக்கு மேல் ஹிஜாப் போட்டுக்கொண்டு வேலைக்கு ஓடுகிறார்கள். ஹெல்மெற் போடும் ஆண்களுக்கும் இதே பாடு. பொடுகுக்குக் காரணமான மலசீசியா என்ற பூஞ்சை நம் எல்லார் தலையிலும் இருப்பதுதான். எண்ணெயும் ஈரமும் வெக்கையும் சேர்ந்தால் அதற்குக் கொண்டாட்டம். எதால் கழுவினாலும் சரி, முதல்நாள் பின்னேரமே தோய்ந்து காயவிடுங்கள். பொடுகு இருக்கும் தலையில் எண்ணெயை ஊறவைக்காதீர்கள். அந்தப் பூஞ்சை சாப்பிடுவதே எண்ணெயைத்தான்.

சித்த வைத்தியர் இப்படிச் சொல்லலாமா என்று சிலர் முகம் சுளிப்பார்கள், ஆனாலும் சொல்கிறேன். சிலருக்கு நானே ஷாம்பூதான் சொல்கிறேன். புருவம், மூக்கோரம், காதுக்குப் பின்னால் என்று சிவந்து செதில் உதிரும் பொடுகுக்குக் கீட்டோகொனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி கலந்த மருந்து ஷாம்பூவைக் கிழமைக்கு இரண்டு தடவை, சில கிழமைகளுக்குப் போட்டால் நன்றாக அடங்கும். பிள்ளையின் தலையில் வட்டமாக முடி முறிந்து சொட்டை விழுந்தால் அது பெரும்பாலும் படை. அதற்கு அரப்பும் உதவாது, ஷாம்பூவும் போதாது, உள்ளுக்கு மாத்திரை வேண்டும், ஆஸ்பத்திரித் தோல் கிளினிக்குக்குப் போய்விடுங்கள். டெங்கு வந்து, அல்லது பிள்ளை பெற்று, இரண்டு மூன்று மாதத்தில் கொத்துக் கொத்தாகக் கொட்டினால் ஷாம்பூவைக் குற்றம் சொல்லாதீர்கள். அந்த அதிர்ச்சியில் உறங்கப்போன முடிதான் இப்போது உதிர்கிறது. பெரும்பாலும் தானே திரும்ப வளரும்.

"ஹெர்பல்" ஷாம்பூ பற்றியும் கேட்கிறார்கள். போத்தலின் முன்பக்கத்துப் படத்தை விட்டுப் பின்பக்கத்து எழுத்தைப் படியுங்கள். கூடுதலாக இருப்பதுதான் பட்டியலில் முதலில் வரும். தண்ணீருக்கு அடுத்து சோடியம் லோரெத் சல்பேற் என்ற செயற்கைச் சலவைப்பொருள் இருந்து, சீயாக்காய் வாசனைத் திரவியத்துக்குப் பக்கத்தில் கடைசியில் ஒதுங்கியிருந்தால் அது சாதாரண ஷாம்பூதான். கெட்டதென்று சொல்லவில்லை. மூலிகை விலை கொடுக்க வேண்டாம் என்கிறேன்.

நிலாவெளி அம்மாவுக்கு வருவோம். முதலில் படிவை எடுக்க வேண்டியிருந்தது. அதற்குச் சாதாரண ஷாம்பூதான் கொடுத்தேன், இரண்டு தடவை, பிறகு வினாகிரித் தண்ணீர். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அப்புறம் அரப்புக்கு மாற்றினோம். கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் சரியாகுமா என்று கேட்டார். வன்மையில் ஒரு பகுதி கேத்தில் அடியில் வெள்ளையாகப் படிந்து போகும், உவர் போகாது. உப்பு இன்னும் செறிந்துதான் நிற்கும். கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீர் ஒரு வாளி இருந்தால் போதும் என்றேன்.

ஐப்பசியில் மழை இறங்கியதும் கூரைத் தகரத்தின் கீழ் ஒரு பரல் வைத்தார். முதல் மழையைக் கழுவ விட்டுவிட்டு அடுத்ததைப் பிடிக்கச் சொல்லியிருந்தேன். நுளம்பு முட்டையிடாமல் வலைத்துணி கட்டி மூடவும் சொன்னேன். மழைத்தண்ணீரில் கல்சியமும் உப்பும் இல்லையென்றே சொல்லலாம். தை மாதம் வந்தபோது தலையை மூடவில்லை.

மழைத்தண்ணீர் முடிந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். உவர்மலையிலிருந்து தங்கச்சியின் மகன் பின்னேர ரியூஷனுக்கு நிலாவெளிப் பக்கம் வருகிறானாம். அவனிடம் ஐந்து லீற்றர்க் கான் ஒன்று கொடுத்தனுப்பியாயிற்று.